யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை வழியில் கண்டபோது சீடர்களின் உள்ளத்தில் எழுந்த முதல் கேள்வி, அவருக்கு எவ்வாறு உதவலாம் என்பதன்று. அந்த நிலை யார் செய்த பாவத்தால் வந்தது என்பதே. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இவ்வாறுதான் தொடங்குகிறது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று இப்பகுதி வாசிக்கப்படக் கேட்டு, சீடர்களின் அறியாமையை எண்ணி உள்ளுக்குள் புன்னகைத்ததுண்டு. அதே கேள்வியை நான்கு ஆண்டுகள் என்னை நோக்கியே கேட்டுக்கொண்டிருப்பேன் என்றும், அதற்கு விடை கிடைத்த நாளில் கேள்வியைவிடப் பெரிய தவறொன்றைச் செய்வேன் என்றும் அப்போது நான் அறியவில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபோது வயது 44. பள்ளி ஆசிரியன், ஒல்லியான உடல்வாகு. இரண்டாம் வகை நீரிழிவு என்றார் மருத்துவர். மாத்திரை, நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று வழக்கமான மூன்றையும் எழுதித் தந்தார். செய்தி பரவியதும் வீட்டுக்கு வந்தவர்கள் அனைவரும் அன்பு நிறைந்தவர்களே. "சின்ன வயசுலேயே உனக்கு இனிப்புன்னா உயிராச்சே தம்பி" என்றார் அக்கா. "கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாம் சார்" என்றார் உடன் பணியாற்றியவர். இச்சொற்கள் அக்கறையோடுதான் சொல்லப்பட்டன. ஆயினும் ஒவ்வொன்றிலும் ஒரு தீர்ப்பு மறைந்திருந்தது. நம் மொழியில் "வாயைக் கட்டுதல்" என்னும் வழக்கு எவ்வளவு ஆழமானது பாருங்கள்! காய்ச்சல் வந்தவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. சர்க்கரை வந்தவன் மட்டும் தன் வாயால் கெட்டவன்.

நானும் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன். வாயைக் கட்டினேன். சோறு ஓர் அகப்பை அளவாகக் குறைந்தது. இனிப்பு வீட்டைவிட்டே போயிற்று. விடியுமுன் எழுந்து ஒரு மணி நேரம் நடந்தேன். முதல் ஆண்டில் பலன் தெரிந்தது. அதன்பின் இரத்தத்தில் சர்க்கரை மெல்ல மெல்ல ஏறியது. ஒரு மாத்திரை மூன்றாயிற்று. உடல் எடை ஒன்பது கிலோ குறைந்தது. ஒருநாள் மருத்துவர் சோதனைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாருக்கும் தெரியாமல் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். அன்று மாலை என் மனைவி அலமாரியின் மேல்தட்டில் இருந்த டப்பாக்களைத் திறந்து பார்ப்பதைக் கண்டேன். சினம் வரவில்லை. ஏனெனில் என்னை நானே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

அந்நாள்களில் ஒருமுறை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த தலையான பாவங்களின் பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துச் சொன்னேன்: போசனப்பிரியம். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார் முதிய குருவானவர். விழித்தேன். சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. "சர்க்கரை கூடியிருக்கிறது, சுவாமி" என்றேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "பாவத்துக்குத்தான் இங்கே மன்னிப்பு உண்டு, நோய்க்கு மருத்துவரிடம் போங்கள்" என்றார். அன்று அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டேன். அது ஓர் இறையியல் என்பது பின்னரே விளங்கிற்று.

நான்காம் ஆண்டில் வேறொரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தது. என் மெலிந்த தோற்றத்தைப் பார்த்த அவர், சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. வீட்டில் யாருக்கேனும் தைராய்டு நோய் உண்டா என்று கேட்டார். என் தாயாருக்கு இருந்தது. உடனே இரண்டு இரத்தப் பரிசோதனைகளை எழுதினார். ஒன்று, கணையத்தின் உயிரணுக்களுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, உடல் இன்னும் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடு அளவு. முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் இருந்தன. "உங்களுக்கு இருப்பது இரண்டாம் வகை அன்று. நடுவயதில் மெதுவாக வரும் தன்னெதிர்ப்பு நீரிழிவு. லாடா என்பார்கள். இன்சுலின் தொடங்க வேண்டும்" என்றவர், நான் கேட்காமலேயே, "இது உங்கள் சாப்பாட்டால் வந்ததில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்நோயின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணையத்தில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களில் பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. கிருமிகளை அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், இந்த உயிரணுக்களைப் பகையென எண்ணி அழித்துவிடுவதே தன்னெதிர்ப்பு நீரிழிவு. குழந்தைகளில் இது பெரும்பாலும் விரைவாக நிகழ்கிறது. பெரியவர்களில் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. தொடக்கத்தில் சிறிது இன்சுலின் எஞ்சியிருப்பதால் மாத்திரைகள் வேலை செய்வதுபோல் தோன்றும். ஆகவே இரண்டாம் வகை என்றே கருதப்படும். இத்தகைய எதிர்ப்புப் பொருள்கள் இருப்பது 1974இல் கண்டறியப்பட்டது. பெரியவர்களில் மறைந்து வளரும் இந்த வடிவத்துக்கு இன்றுள்ள பெயர் 1993இல் வெளியான ஓர் ஆய்வோடு வழக்குக்கு வந்தது. இங்கிலாந்தின் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே அம்மையாருக்கும் 2012இல், 56ஆம் வயதில், இரண்டாம் வகை என்றே முதலில் சொல்லப்பட்டது. மாத்திரைகள் பலன் தராமல் மீண்டும் சோதித்தபோதுதான் அது முதல் வகை என்று தெரிந்தது. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொண்டே அவர் 2016 முதல் 2019 வரை அந்நாட்டின் பிரதமராகப் பணியாற்றினார். பெரும் வசதிகள் உள்ள நாட்டிலேயே இப்படி நேருமாயின், அந்த இரண்டு சோதனைகளுக்குப் பணமில்லாத நம் ஏழை மக்களில் எத்தனை பேர் "கட்டுப்பாடு இல்லாதவர்" என்னும் பழியைச் சுமந்தபடி மெலிந்து போகிறார்களோ!

இன்சுலின் என்றதும் நம்மவர் நெஞ்சம் நடுங்கும். "ஊசிக்கு வந்துவிட்டால் கடைசிக் கட்டம்" என்னும் எண்ணம் வேரூன்றிப் போயிருக்கிறது. எனக்கும் அந்த நடுக்கம் இருந்தது. ஆனால் வரலாறு வேறுவிதமாகப் பேசுகிறது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன் இந்நோய்க்கு இருந்த சிகிச்சை பட்டினி ஒன்றே. பிள்ளைகளை எலும்பும் தோலுமாக ஆகும்வரை பட்டினி போட்டுச் சில மாதங்களோ ஆண்டுகளோ உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அவன் எடை ஏறத்தாழ 30 கிலோ. முதல் ஊசி நன்கு தூய்மைப்படுத்தப்படாததால் பயன் தரவில்லை. காலிப் என்னும் வேதியியலார் மேலும் தூய்மையாக்கித் தந்ததை அதே மாதம் 23ஆம் நாள் செலுத்தியபோது சிறுவன் தேறினான். இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் தங்கள் காப்புரிமையை 1923இல் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பட்டினியைத் தவிர வேறு மருந்தில்லாத காலத்துச் சிறுவனைப் போலவே நானும் நான்கு ஆண்டுகள் பட்டினி கிடந்திருக்கிறேன். அவனுக்கு அது மருந்து; எனக்கோ பரிகாரம். தெருமுனை மருந்துக் கடையின் குளிர்பெட்டியில் இன்சுலின் காத்துக்கொண்டிருக்க, நான் செய்யாத பாவத்துக்கு ஒறுத்தல் செய்துகொண்டிருந்தேன்.

முதல் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்ட இரவில் அழுதேன். அது வலியால் வந்த அழுகையன்று. ஊசி முனை மயிரிழை போன்றது. எறும்புக் கடி அளவும் வலிக்கவில்லை. என்மேல் குற்றமில்லை என்ற விடுதலையே கண்ணீராக வந்தது. சில வாரங்களில் உடல் தேறியது. என் மனைவி டப்பாக்களைத் திறந்து பார்த்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. இனிச் சொல்லப்போவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பருத்த உடல். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்கிறார். காலில் ஆறாத புண் ஒன்றும் உண்டு. நோய் எங்களை நண்பர்களாக்கியிருந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வேப்பமரத்தடியில் நின்று எங்கள் சர்க்கரை அளவுகளைப் பேசிக்கொள்வோம். புதிய செய்தி தெரிந்த ஞாயிறன்று மகிழ்ச்சியோடு அவரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, எனக்கு வந்தது உங்களுக்கு வந்த மாதிரி இல்லையாம். சாப்பாட்டால வந்தது இல்லையாம்."

அவர் சற்று நேரம் தம் காலின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ எனக்கு வந்தது சாப்பாட்டாலதானா சார்?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "நல்லதுதான் சார். நீங்களாவது தப்பிச்சீங்க" என்று சொல்லிவிட்டு மெல்ல நடந்து போனார்.

பரிசேயரும் வரிதண்டுபவரும் கோவிலில் வேண்டிய உவமையை நாம் அறிவோம். பரிசேயர் பொய் சொல்லவில்லை. அவர் நோன்பிருந்தது உண்மை. பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் உண்மை. தாம் அடைந்த நன்மைக்கு மற்றவரின் குற்றத்தை அளவுகோலாக்கியதே அவர் செய்த பிழை. நான் வேப்பமரத்தடியில் சொன்னதும் உண்மைதான். மருத்துவர் சொன்னதையே சொன்னேன். ஆயினும் அது பரிசேயரின் செபம். நான்கு ஆண்டுகள் என்னை வாட்டிய நீதிமன்றத்தை நான் மறுக்கவில்லை. அதன் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி, அங்கேயே அண்ணாச்சியை நிற்கவிட்டு வந்துவிட்டேன்.

அவர் அந்தக் கூண்டில் நிற்க வேண்டியவர்தானா? இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி இன்று தெரிந்திருப்பவை நமக்குப் பணிவைக் கற்பிக்கின்றன. அது குடும்ப வழியாக வலுவாகத் தொடர்வது. மேலைநாட்டினரைவிட நம் தெற்காசிய மக்களுக்குக் குறைந்த எடையிலும் இளைய வயதிலும் வருவது. தாயின் கருவில் இருக்கும்போதே கிட்டாத ஊட்டம் பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடந்தருகிறது என்னும் கருத்தை ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1992இல் முன்வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஹாலந்தில் கொடிய பஞ்சம் வந்தது. அப்போது கருவிலிருந்த பிள்ளைகள் வளர்ந்து ஐம்பது வயதை எட்டியபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்கள் உடலில் குறைந்திருந்தது. எண்ணிப் பார்ப்போம். தாய் பட்டினி கிடந்ததற்காகப் பிள்ளைக்கு நோய். அந்தப் பிள்ளையைப் பார்த்து உலகம் "தின்று கெட்டவன்" என்கிறது! ஓட்டுநர் இருக்கையில் முப்பது ஆண்டுகள் அமர்ந்து, நேரந்தவறிக் கிடைத்ததை உண்டு, இரவும் பகலும் மாறி மாறி உழைத்தவரின் வயிற்றை அளந்து நாம் எந்தப் பாவத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தந்த கணக்கின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். பத்துக் கோடிப் பேரும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று சொல்ல நமக்குத் துணிவுண்டா?

இங்கே ஒரு மறுப்பு எழும். அப்படியானால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லையா? உணவில் அளவு மீறுவது தவறில்லையா? நடப்பதும் குறைத்து உண்பதும் நோயைத் தள்ளிப்போடும் என்பது மெய்தானே? இம்மறுப்பு நேர்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அளவு மீறி உண்பது தவறே. ஆனால் அந்தத் தவறு உண்டவரின் மனச்சான்றில் இருக்கிறது; சோதனைத் தாளில் இல்லை. பந்தியில் மூன்று பேருக்கான உணவைத் தனியாக உண்டுவிட்டு நூறு வயதுவரை நலமாக வாழ்பவரும் உண்டு. அவரை எந்தச் சோதனைக்கூடமும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு செயல் சாவான பாவமாக வேண்டுமானால், கனமான பொருளோடு முழு அறிவும் முழு மனச் சம்மதமும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. கணையம் பழுதானதில் யாருடைய சம்மதம் கேட்கப்பட்டது? அந்த முதிய குருவானவர் பாவத்தையும் நோயையும் இரண்டு வாசல்களுக்கு அனுப்பிவைத்ததன் பொருள் இதுவே.

பொறுப்பு என்பது வேறு. இதை எனக்குக் கற்றுத்தந்தது இன்சுலினே. குற்றவாளியாக என்னை எண்ணிய நாள்களில் என் கடமை மூன்று மாத்திரைகளோடு முடிந்தது. குற்றமற்றவன் என்று தெரிந்த பின்னரோ கடமை பன்மடங்காயிற்று. இரவில் நாள் முழுவதற்குமான ஓர் ஊசி. ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் ஓர் ஊசி. விரல் நுனியில் குத்தி அளவு பார்த்தல். தட்டில் உள்ள சோற்றுக்கு எத்தனை யூனிட் என்று கணக்கிடுதல். கூடினால் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. குற்றம் நீங்கியபோது பொறுப்பு நீங்கவில்லை. அப்படியானால் பொறுப்பு குற்றத்திலிருந்து பிறப்பதன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து பிறப்பது. நோய் எவ்வழியில் வந்திருந்தாலும், இன்று இந்த உடல் என் கையில் தரப்பட்டிருக்கிறது. அண்ணாச்சிக்கும் அப்படியே. "நீ செய்த தவறு, அதனால் அனுபவி" என்பதற்கும் "இது உன் கையில் தரப்பட்டிருக்கிறது, நாங்களும் துணை நிற்கிறோம்" என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. முன்னது மனிதரை ஒளிந்துகொள்ளச் செய்யும். அளவு கூடிவிட்டது என்று தெரிந்தும் திட்டுக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாதவர்களை நான் அறிவேன். நானே அப்படி இரண்டு முறை போகாமல் இருந்திருக்கிறேன்.

புதிய பொறுப்பு சில பழைய பக்திகளையும் மாற்றியது. இளமை முதல் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் தவறாமல் நோன்பிருந்து வந்தவன் நான். இப்போது ஊசி போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவும் தடுமாறும். நோயுற்றோரைத் திருச்சபை நோன்புக் கடமையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்ள என் தற்பெருமை இடங்கொடுக்கவில்லை. எல்லாரும் பசித்திருக்கும் நாளில் தட்டின்முன் அமர்வது நோன்பைவிடக் கடினமாக இருந்தது. கீழ்ப்படிதலும் ஓர் ஒறுத்தலே என்று தெரிந்துகொண்டேன். எந்தச் சர்க்கரைக்கு அஞ்சி நான்கு ஆண்டுகள் ஓடினேனோ, அந்தச் சர்க்கரையையே ஒரு சிறு பொட்டலமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இப்போது கோவிலுக்குப் போகிறேன். சில வேளைகளில் அதுதான் மருந்து.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். தன்னெதிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும், உடல் தன்னைத்தானே பகைக்கிறது, உள்ளத்தில் இருந்த பகையே உடலில் வெளிப்பட்டது என்று ஒரு மறையுரையை மனம் எழுதத் தொடங்கிவிட்டது. நண்பர் ஒருவரும் அவ்வாறே சொன்னார். அழகான உருவகம்தான். ஆனால் அது பழைய கேள்வியின் புதிய வேடம். என் எதிர்ப்பாற்றலுக்கு வஞ்சமில்லை. காவல் காக்கும் வேளையில் ஆளடையாளம் தவறியது, அவ்வளவே. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள்.

நற்செய்தியில் ஒரு சிறு பொருத்தம் என்னை அடிக்கடி சிந்திக்க வைக்கிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ண வேண்டாம் என்றார் ஆண்டவர். மனமாற்றத்தைக் கேட்டவர்களிடமே வேண்டினார். பார்வையற்றவர் கண்களைக் கழுவி ஒளி பெற்றதும் அதே சீலோவாமின் குளத்தில்தான். யார் பாவம் செய்தது என்ற கேள்விக்கு, அவருமில்லை, அவர் பெற்றோருமில்லை என்று சொல்லிவிட்டு, ஆண்டவர் குனிந்து மண்ணைக் குழைத்து வேலையைத் தொடங்கினார். பழி தேடுவோர்க்கு அந்த ஊரில் இடமில்லை; கழுவிக்கொள்ளத் தண்ணீர் இருந்தது.

நான் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன். சொல்லவேண்டியதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தும் சொற்கள் வரவில்லை. "அன்னைக்கு நான் பேசினது தப்பு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். "அதை நான் அன்னைக்கே மறந்துட்டேன் சார்" என்றார். மறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். காப்பி வந்தது, இரண்டிலும் சர்க்கரை இல்லை. மறுவாரம் அவருடைய கால் கட்டை மாற்றுவதற்கு அவரோடு மருத்துவமனைக்குப் போனேன், இப்போதும் போய்வருகிறேன்.

சென்ற பங்குத் திருவிழாவின் அசன விருந்தில் இருவரும் அருகருகே அமர்ந்திருந்தோம். நான் சட்டையைச் சற்று உயர்த்தி, பேனா ஊசியை வயிற்றில் செலுத்திக்கொண்டேன். எதிரில் இருந்த இளைஞர் ஒருவர், "சாருக்கு எதனால இப்படி வந்தது?" என்று இரக்கத்தோடு கேட்டார். சாப்பாட்டால் இல்லை என்னும் விடை நாக்கின் நுனிவரை வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"வந்துவிட்டது தம்பி" என்றேன். "சோறு ஆறுது, சாப்பிடுவோம்."